“என்னைக் காத்துக்கொள்ளத்தான் செய்தேன்”: தற்காப்பு வாதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரப்புத் தகராறில் அரிவாளைத் தூக்கியவரும் இதைத்தான் சொல்கிறார். பக்கத்து நாட்டில் குண்டு போட்டுவிட்டு ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதும் அரசும் இதைத்தான் சொல்கிறது. இரண்டு இடத்திலும் சட்டம் பார்க்கும் அளவுகோல்கள் ஏறத்தாழ ஒன்றே: ஆபத்து உண்மையா, உடனடியா, வேறு வழி இருந்ததா, கொடுத்த அடி தேவைக்கு மிஞ்சியதா. வேறுபாடு எல்லாம் அந்தக் கேள்விகளை யார் கேட்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. முதல் பாதி தனிமனிதர்களைப் பற்றியது, இந்தியச் சட்டத்தை ஒட்டியது. அடுத்த பாதி நாடுகளைப் பற்றியது.

தற்காப்புக்காகச் செய்தேன் என்று சொன்னால் வழக்கே வராதா?

வரும். எஃப்.ஐ.ஆர். போடுவார்கள், பெரும்பாலும் கைதும் செய்வார்கள். விசாரணையே நடக்காமல் தடுக்கும் சக்தி இந்த வாதத்துக்குக் கிடையாது. நடந்தது குற்றமே அல்ல என்று விசாரணையின் முடிவில் நீதிமன்றத்தை ஏற்கவைப்பதுதான் அதன் வேலை.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகள் இதற்கானவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 34 முதல் 44 வரை உள்ளன. எண்கள் மாறினவே தவிர உள்ளே பெரிய மாற்றம் இல்லை. அதனால் பழைய தீர்ப்புகளைத்தான் வக்கீல்கள் இன்னமும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இந்தப் பிரிவுகளுக்கு ஒரு வேடிக்கையான பின்னணி உண்டு. 1837-ல் தண்டனைச் சட்ட வரைவைத் தயாரித்த மெக்காலே குழு, இந்த நாட்டு மக்கள் அக்கிரமத்தை எதிர்க்காமல் பொறுத்துப்போகிறவர்கள் என்று நினைத்தது. அவர்களுக்குக் கொஞ்சம் துணிச்சல் வரட்டும் என்றே தற்காப்பு உரிமையைத் தாராளமாக எழுதியது. ஆளவந்தவர்களின் பார்வை அது. ஆனால் அந்தத் தாராளத்தின் பலன் இன்றைக்கும் நமக்குக் கிடைக்கிறது.

யாரைக் காப்பதற்கு இந்த உரிமை? என்னை மட்டுமா?

உங்களை, வேறு யாரையும், உங்கள் சொத்தை, அடுத்தவர் சொத்தையும்கூட. முன்பின் தெரியாதவரை ஒருவன் வெட்ட வரும்போது குறுக்கே பாய்ந்து அடித்தால் அதுவும் தற்காப்பு உரிமைக்குள் வரும். தாக்க வருபவர் மனநலம் பாதிக்கப்பட்டவராகவோ, போதையில் இருப்பவராகவோ, சிறுவராகவோ இருந்தால் அவருக்குத் தண்டனை கிடைக்காமல் போகலாம். அதற்காக உங்கள் உரிமை குறையாது.

உயிரையே எடுக்கும் அளவுக்குப் போகலாமா?

சில சூழல்களில் போகலாம். உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், பாலியல் வன்முறை, கடத்தல், அதிகாரிகளின் உதவியைத் தேடவே முடியாதபடி அடைத்துவைத்தல் ஆகியவற்றுக்கான தாக்குதல் என்றால் உடலைக் காக்கும் உரிமை எதிராளியின் மரணம் வரை நீளும். ஆசிட் வீச்சு 2013 திருத்தத்தில் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. சொத்தைப் பொறுத்தவரை பட்டியல் குறுகலானது: கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைத்தல், அல்லது உயிருக்கே ஆபத்து என்று நியாயமாக அஞ்சும்படியான திருட்டும் அத்துமீறலும். தோட்டத்தில் தேங்காய் திருடியவனைக் கொன்றுவிட்டு இந்தப் பிரிவைக் காட்ட முடியாது.

கடத்தல் விஷயத்தில் ஒரு தீர்ப்பைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். உத்தரப்பிரதேசத்தில் பிறந்த வீட்டில் இருந்த மனைவியைக் கணவன் பலவந்தமாக இழுத்துப் போக முயன்றான். அவளுடைய தம்பி கத்தியால் ஒரு குத்துக் குத்தினான், கணவன் இறந்துபோனான். விஸ்வநாத் வழக்கில் (1960) உச்ச நீதிமன்றம் அந்தத் தம்பியை விடுவித்தது. மனைவி என்பதற்காக இழுத்துப்போவது கடத்தல் இல்லாமல் ஆகிவிடாது. அறுபது வருடங்களுக்கு முந்தைய நீதிமன்றம் அப்படிச் சொன்னது எனக்கு இப்போதும் வியப்புதான்.

முதல் அடி என்மேல் விழும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இதை மிகத் தெளிவாகச் சொன்னது அம்ஜத் கான் வழக்கு (1952). 1950 மார்ச்சில் மத்தியப் பிரதேசத்தின் கட்னி நகரில் மதக் கலவரம் வெடித்தது. அம்ஜத் கானின் கடையும் அவருடைய சகோதரர் கடையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. கும்பல் சகோதரரின் கடையை உடைத்துச் சூறையாடிவிட்டு அம்ஜத் கானின் கதவைத் தடிகளால் அடித்தது. உள்ளே குடும்பம் இருந்தது. அவர் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார், ஒருவர் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் அவர் எல்லை மீறிவிட்டார் என்றன. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கதவு உடைந்து, கும்பல் உள்ளே வந்து, மனைவி பிள்ளைகளை வெட்டத் தொடங்கிய பிறகுதான் சுட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று அவரை விடுவித்தது.

ஆனால் ஆபத்து கண்முன் இருக்க வேண்டும். “அடுத்த வாரம் என்னைக் கொன்றுவிடுவான், அதனால் இன்றைக்கே முந்திக்கொண்டேன்” என்பது தற்காப்பு அல்ல. போலீஸுக்குப் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்று சட்டம் நேரடியாகச் சொல்கிறது.

தப்பி ஓட முடிந்திருந்தும் ஓடாமல் நின்று திருப்பி அடித்தால்?

இந்தியாவில் ஓட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முன்ஷி ராம் வழக்கில் (1968) உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. தர்ஷன் சிங் வழக்கில் (2010) இன்னும் அழுத்தமாக, சட்டத்தை மதிக்கும் குடிமகன் கோழைபோல நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்றது. அமெரிக்காவில் இதே விஷயம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடுகிறது. ஃபுளோரிடா 2005-ல் “நின்ற இடத்திலேயே நிற்கலாம்” என்று தனிச் சட்டமே போட்டது, வேறு பல மாகாணங்களும் பின்தொடர்ந்தன. துப்பாக்கி கடையில் கிடைக்கும் ஊரில் அந்தச் சட்டம் செய்யும் வேலையும், நம் ஊரில் முன்ஷி ராம் தீர்ப்பு செய்யும் வேலையும் ஒன்றல்ல.

அவன் கையில் தடி, என் கையில் ஈட்டி. அளவு மீறியதாகாதா?

ஆயுதத்தை ஆயுதத்தோடு வைத்து அளப்பதில்லை. தேவ் நாராயண் வழக்கில் (1973) நடந்தது இதேதான். தலையில் தடியடி வாங்கியவர் ஈட்டியால் குத்தினார், எதிராளி இறந்தார். தடிக்கு ஈட்டியா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. தலையில் விழும் தடியடி உயிரைக் குடிக்கும் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அடிபட்டுக்கொண்டிருக்கும் மனிதனிடம் தராசு பிடித்த கையின் நிதானத்தை எதிர்பார்க்கக் கூடாது என்பதைப் பல தீர்ப்புகளில் பார்க்கலாம்.

எதிராளி கீழே விழுந்து ஆயுதமும் கையைவிட்டுப் போன பிறகு விழும் வெட்டுகள்தான் சிக்கல். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் முதுகிலும் பிடரியிலும் பத்துக் காயம் என்று வந்தால், எந்த வக்கீலாலும் அதைத் தற்காப்பாகக் காட்டுவது கடினம்.

திருடன் தப்பி ஓடும்போது அடித்தால் அல்லது சுட்டால்?

பொருளோடு ஓடுகிறான் என்றால் துரத்திப் பிடித்து மீட்கலாம். அதற்குத் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். வெறுங்கையோடு ஓடுகிறவன் மேல் அந்த உரிமை முடிந்துவிட்டது. இங்கிலாந்தில் 1999-ல் நார்ஃபோக் பகுதியின் விவசாயி டோனி மார்ட்டின், இரவில் வீட்டுக்குள் புகுந்த இருவரைத் துப்பாக்கியால் சுட்டார். 16 வயதுப் பையன் முதுகில் குண்டு பாய்ந்து இறந்தான். நாடே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. ஜூரி கொலைக்குற்றம் என்றது. 2001 மேல்முறையீட்டில் அவருடைய மனநிலையைக் காரணம் காட்டிக் குற்றத்தைக் குறைத்தார்கள். அங்கேயும் தற்காப்பு வாதத்தை ஏற்கவில்லை.

எல்லை மீறிவிட்டேன் என்று தீர்ப்பானால் கொலைக்கான தண்டனையா?

அவசியமில்லை. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளத் தொடங்கி, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணம் இல்லாமல் எல்லை மீறியிருந்தால், அது கொலை ஆகாத மரணம் விளைவித்தலாகக் குறையும். பழைய சட்டத்தின் 300-ஆம் பிரிவில் இருந்த இரண்டாவது விதிவிலக்கு இது, புதிய சட்டத்தின் 101-ஆம் பிரிவிலும் இருக்கிறது. தண்டனையில் பெரிய வித்தியாசம் வரும். முழு விடுதலை கிடைக்காத வழக்குகளில் வக்கீல்கள் கடைசியாகப் பிடித்துக்கொள்ளும் கொம்பு இதுதான்.

இரண்டு தரப்பும் திட்டம் போட்டு மோதிக்கொண்டால்?

யாருக்கும் தற்காப்பு உரிமை இல்லை. சண்டையை வலிய இழுத்தவருக்கும் பொதுவாக இல்லை. இப்படிப்பட்ட மோதலில் வழக்கும் எதிர்வழக்கும் சேர்ந்தே வரும். யார் முதலில் தாக்கினார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நீதிமன்றத்துக்குப் பெரும்பாடு.

இல்லாத ஆபத்தை இருப்பதாக நினைத்துவிட்டால்?

நினைத்தது நியாயமானதா என்று பார்ப்பார்கள். ஒடிசாவில் 1958-ல் கைவிடப்பட்ட விமான தளம் ஒன்றில், இரவில் விளக்கைச் சுற்றி அசைந்த உருவங்களைப் பேய்கள் என்று நம்பி ஒரு நேபாளத் தொழிலாளி குக்ரிக் கத்தியோடு பாய்ந்தார். அவை மஹுவா பூ பொறுக்க வந்த பெண்கள். ஒருவர் இறந்தார். அவர் நல்லெண்ணத்தில் தவறாக நம்பினார் என்று ஒடிசா உயர் நீதிமன்றம் விடுதலையை உறுதிசெய்தது. கறாராகச் சொன்னால் இது தற்காப்புப் பிரிவு அல்ல, பக்கத்தில் இருக்கும் வேறு பிரிவு. தர்க்கம் ஒன்றுதான்.

நியூயார்க்கில் 1984-ல் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவர், சுரங்க ரயிலில் ஐந்து டாலர் கேட்டு நெருங்கிய நான்கு இளைஞர்களைச் சுட்டார். கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தான் உண்மையாகவே நம்பியதாகச் சொன்னார். அவர் நம்பினார் என்பது மட்டும் போதாது, அந்த இடத்தில் நியாயமான ஒருவர் அப்படி நம்பியிருப்பாரா என்று பார்க்க வேண்டும் என்று 1986-ல் மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் ஜூரி அவரைக் கொலை முயற்சியிலிருந்து விடுவித்து, அனுமதியில்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டித்தது. சுட்டவர் வெள்ளையர், சுடப்பட்டவர்கள் கறுப்பின இளைஞர்கள். அந்த “நியாயமான ஒருவர்” யாருடைய பயங்களைச் சுமந்திருக்கிறார் என்பது இன்னும் தீராத விவாதம்.

வருடக்கணக்கில் அடிவாங்கிய மனைவி, கணவன் தூங்கும்போது கொன்றால்?

தற்காப்புச் சட்டம் தடுமாறும் இடம் இது. கண்முன் ஆபத்து வேண்டும் என்ற விதி, சம பலமுள்ள இரண்டு ஆண்கள் தெருவில் மோதுவதை மனத்தில் வைத்து உருவானது. தூங்கும்போது மட்டுமே எதிர்க்க முடிகிற ஒருத்தியை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. இங்கிலாந்தில் வாழ்ந்த பஞ்சாபிப் பெண் கிரண்ஜித் அலுவாலியா, பத்து வருடம் கொடுமை செய்த கணவனின் படுக்கைக்குத் தீ வைத்தார். 1989-ல் கொலைக்குற்றவாளி என்று தீர்ப்பானது. 1992-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, அவர் விடுதலையானார். ஆனால் அதற்கும் தற்காப்பு காரணமாகவில்லை. மனநிலை பாதிப்பு என்ற வாசல் வழியாகத்தான் வெளியே வர முடிந்தது. பிழைத்துக்கொள்ள ஒருத்தி செய்ததை நோய் என்று எழுதினால்தான் சட்டத்துக்குப் புரிகிறது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1990-ல் லாவல்லே வழக்கில் ஒரு படி மேலே போனது. தொடர்ந்து அடிபடும் பெண்ணின் அச்சத்தை அவள் வாழ்ந்த நிலையிலிருந்து பார்க்க வேண்டும் என்று தற்காப்பையே ஏற்றது. இந்தியச் சட்டப் புத்தகத்தில் அப்படி எழுதப்பட்ட வரி எதுவும் இல்லை.

தற்காப்பை நிரூபிக்க வேண்டியது யார்?

குற்றம் சாட்டப்பட்டவர்தான். ஆனால் அவருக்கான அளவு குறைவு. அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இவர், இப்படி நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். தனியாகச் சாட்சி கொண்டுவர வேண்டியதுகூட இல்லை. அரசுத் தரப்புச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தே காட்டலாம். தற்காப்பு என்று வாய்திறந்து சொல்லாவிட்டாலும், ஆதாரங்களில் அது தெரிந்தால் நீதிமன்றம் தானாகவே கணக்கில் எடுக்கலாம்.

நடைமுறையில் ஒரு விஷயம். உங்கள் உடம்பிலும் காயம் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெரிய காயங்களுக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் அவர்கள் சொல்லும் கதையே ஆட்டம் காணும் என்று லட்சுமி சிங் வழக்கில் (1976) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயந்து ஓடி ஒளிந்து, காயம் ஆறிய பிறகு சரணடைபவர்கள் தங்களிடம் இருந்த நல்ல ஆதாரத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

என்கவுன்ட்டரில் போலீஸ் சொல்வதும் தற்காப்புதானே?

ஆமாம், அதே பிரிவுகள்தான். போலீஸ் என்பதற்காகவே யாரையும் கொல்லும் உரிமை சட்டத்தில் இல்லை. “ஆயுதத்தைக் காட்டப் போன இடத்தில் தாக்கினார், தற்காப்புக்காகச் சுட்டோம்” என்று செய்திக்குறிப்பு வந்துவிட்டால், அது நீதிமன்றத்தில் சோதிக்கப்பட வேண்டிய வாதம் என்று அர்த்தம். மனித உரிமை அமைப்பான பி.யூ.சி.எல். தொடுத்த பி.யூ.சி.எல். எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் 16 வழிகாட்டு நெறிகளைக் கொடுத்தது: எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும், சி.ஐ.டி.யோ வேறு காவல் நிலையமோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும்.

நடப்பு வேறு. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வரை போலீஸ் சுட்டுக் கொன்றபோது மக்கள் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் வெளியான அறிக்கையில், கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள் என்றும் 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றும் சொன்னது. வாதத்தைச் சொல்பவரே விசாரிப்பவராகவும் இருந்தால் தற்காப்பு என்ற சொல் எதற்கும் பயன்படும். எதிர்ப்பக்கத்திலும் இந்த அதிகாரம் வேலை செய்கிறது: பாலியல் வன்முறைக்கு முயன்றவனைக் கொன்ற பெண்ணைத் தற்காப்புப் பிரிவைக் காட்டிச் சிறைக்கு அனுப்பாமல் விட்ட நிகழ்வுகள் தமிழ்நாட்டில் 2012-லும் 2021-லும் நடந்தன. அந்த முடிவுகள் எனக்குப் பிடித்தமானவை. ஆனாலும் மாஜிஸ்திரேட் பார்த்து ஏற்றால்தான் அவை முழுமையாகும்.

சரி, நாடுகளுக்கு இந்த உரிமை எங்கே எழுதியிருக்கிறது?

ஐ.நா. சாசனத்தின் (1945) 51-ஆம் பிரிவில். அதே சாசனத்தின் பிரிவு 2(4) நாடுகள் பலப்பிரயோகம் செய்வதையே தடைசெய்கிறது. ஆயுதத் தாக்குதல் நடந்தால் தனியாகவோ கூட்டாகவோ தற்காத்துக்கொள்ளலாம் என்பது அதற்கான விதிவிலக்கு. இரண்டு நிபந்தனைகள்: செய்ததை உடனே பாதுகாப்புச் சபைக்குத் தெரிவிக்க வேண்டும், சபை தேவையான நடவடிக்கை எடுக்கும்வரைதான் இந்த உரிமை.

அவசியமும் அளவும் வேண்டும் என்ற நிபந்தனைகள் சாசனத்தில் எழுதப்படவில்லை. அவை வழக்காற்றிலிருந்து, அதாவது நாடுகள் காலங்காலமாகப் பின்பற்றி வந்த நடைமுறையிலிருந்து வருகின்றன. அந்த வழக்காற்றின் தொடக்கமாக எல்லோரும் காட்டுவது ஒரு நீராவிப் படகை.

எந்தப் படகு?

கரோலைன். 1837-ல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கனடாவில் கிளர்ச்சி நடந்தது. நயாகரா ஆற்றின் நடுவிலிருந்த தீவில் கிளர்ச்சியாளர்கள் முகாமிட்டிருந்தார்கள். அமெரிக்கக் கரையிலிருந்து அவர்களுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோனது இந்தப் படகு. டிசம்பர் 29 இரவு பிரிட்டிஷ் தரப்பினர் ஆற்றைக் கடந்து, அமெரிக்கக் கரையில் கட்டியிருந்த படகைப் பிடித்துத் தீவைத்து அருவியை நோக்கி விட்டுவிட்டார்கள். ஓர் அமெரிக்கர் இறந்தார்.

குற்றவியல் சட்டமும் சர்வதேசச் சட்டமும் நேருக்கு நேர் மோதியது இதற்குப் பிறகுதான். 1840-ல் அலெக்சாண்டர் மக்லியோட் என்ற பிரிட்டிஷ் குடிமகனை நியூயார்க் மாகாணம் அந்தக் கொலைக்காகக் கைது செய்தது. அது அரசு உத்தரவில் நடந்த தற்காப்பு நடவடிக்கை, ஒரு தனிமனிதனைத் தூக்கில் போட முடியாது என்று லண்டன் கொதித்தது. போர் வரும் என்ற நிலை. 1841-ல் ஜூரி அவரை விடுவித்தது. அதற்கிடையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் பிரிட்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அளவுகோலை வைத்தார்: தற்காப்பின் தேவை அந்த நொடியிலேயே எழுந்ததாக, மீற முடியாததாக, வேறு வழிக்கோ யோசிக்க நேரத்துக்கோ இடம் தராததாக இருந்திருக்க வேண்டும், அப்போதும் செய்தது அளவுக்கு மிஞ்சியிருக்கக் கூடாது. 1842-ல் இரண்டு நாடுகளும் சமாதானமாயின. தங்கள் செயல் அந்த அளவுகோலுக்குள் வருகிறது என்றுதான் பிரிட்டன் சொன்னது. எந்த நீதிபதியும் அதைச் சோதித்துத் தீர்ப்பு எழுதவில்லை. இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளின் கடிதங்கள்தான் இன்றுவரை சட்டமாகப் படிக்கப்படுகின்றன.

எதிரி தாக்கப்போகிறான் என்று தெரிந்தால் முந்திக்கொண்டு தாக்கலாமா?

சட்ட வல்லுநர்கள் இங்கே பிரிந்து நிற்கிறார்கள். தாக்குதல் நடந்தால் என்றுதான் 51-ஆம் பிரிவு சொல்கிறது. கண்முன் வந்துவிட்ட தாக்குதலுக்கு முந்திக்கொள்வதைப் பலர் ஏற்கிறார்கள். என்றைக்கோ வரலாம் என்ற ஆபத்துக்காகத் தாக்குவதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

நார்வேயை 1940 ஏப்ரலில் பிடித்தது முன்தடுப்பு நடவடிக்கை என்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்கள் மேல் நடந்த நியூரம்பெர்க் விசாரணையில் ஜெர்மன் தரப்பு வாதாடியது. தீர்ப்பாயம் கரோலைன் அளவுகோலை வைத்துப் பார்த்து நிராகரித்தது. தேவை எழுந்ததா என்பதை நாங்களே தீர்மானிப்போம் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. சர்வதேசச் சட்டத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டுமானால் தற்காப்பு என்ற கோரிக்கையை இறுதியில் வேறொருவர் விசாரிக்க வேண்டும் என்றது. 1981 ஜூனில் ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் குண்டுவீசி அழித்தபோதும் இதே வாதம் வந்தது. பாதுகாப்புச் சபை 487-ஆம் தீர்மானத்தில் ஒருமனதாகக் கண்டித்தது, அமெரிக்காவும் சேர்த்து. பிற்காலத்தில் அந்தத் தாக்குதலைப் பாராட்டியவர்கள் அதிகமானார்கள். அதனால் அன்றைய சட்டம் மாறிவிடாது.

இந்தியாவும் இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தானுக்குள் நடத்திய பாலாகோட் தாக்குதலை ராணுவம் சாராத முன்தடுப்பு நடவடிக்கை என்று வெளியுறவுச் செயலர் விவரித்தார். பாகிஸ்தான் ராணுவம் குறி அல்ல, தீவிரவாத முகாம்தான் குறி என்று காட்டுவதற்கான சொற்கள் அவை.

எதிரியின் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தால் அதுவும் தாக்குதலா?

இல்லை என்றது ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம், நிகராகுவா வழக்கில் (1986). நிகராகுவா அரசு எல் சால்வடோர் கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதம் தந்தது, எல் சால்வடோரைக் காக்கவே நிகராகுவாவில் தலையிட்டோம் என்றது அமெரிக்கா. ஆயுதம் கொடுப்பது சட்டவிரோதத் தலையீடாக இருக்கலாம், ஆயுதத் தாக்குதல் ஆகாது என்றது நீதிமன்றம். கூட்டுத் தற்காப்பு என்றால் தாக்கப்பட்ட நாடே “தாக்கப்பட்டேன், உதவுங்கள்” என்று கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னது. அமெரிக்கா விசாரணையிலிருந்து வெளியேறியது, தீர்ப்பை நிறைவேற்றச் சொன்ன பாதுகாப்புச் சபைத் தீர்மானத்தைத் தன் தடுப்பு வாக்கால் (வீட்டோ) முறியடித்தது.

தாக்கியது ஒரு நாடாக இல்லாமல் தீவிரவாத அமைப்பாக இருந்தால்?

2001 செப்டம்பர் 11-க்கு மறுநாளே பாதுகாப்புச் சபை 1368-ஆம் தீர்மானத்தில் தற்காப்பு உரிமையைக் குறிப்பிட்டது. பல நாடுகள் அதைக் கதவு திறந்ததாகவே எடுத்துக்கொண்டன. சர்வதேச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொல்லவில்லை. அமைப்பு இருக்கும் நாட்டின் சம்மதமில்லாமல் அங்கே குண்டு போடலாமா என்பதில்தான் உண்மையான சண்டை.

நாடுகள் தவறாக நினைத்துவிட்டால்?

1988 ஜூலை 3-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைப் போர்விமானம் என்று நினைத்துச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் இறந்தார்கள். தற்காப்பு என்று பாதுகாப்புச் சபைக்கு அமெரிக்கா எழுதியது. ஈரான் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1996-ல் சமரசம் ஆனது, இறந்தவர்களின் குடும்பங்களுக்காக 6.18 கோடி டாலர், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே. கெட்ஸ் வழக்கில் கேட்ட கேள்வியை, அந்த இடத்தில் நியாயமான ஒருவர் அப்படி நினைத்திருப்பாரா என்பதை, இங்கே யாரும் கேட்டுத் தீர்ப்பளிக்கவில்லை.

நாடுகளின் வாதத்தை யாருமே சோதிப்பதில்லையா?

சில நேரம் நடக்கும். ஈரானின் எண்ணெய் மேடைகளை 1987-லும் 1988-லும் தாக்கியதற்கு அமெரிக்கா தற்காப்பைக் காட்டியது. நிரூபிக்கும் பொறுப்பு அமெரிக்காவுக்குத்தான் என்று சர்வதேச நீதிமன்றம் 2003-ல் சொன்னது. இரண்டு கப்பல்களைச் சேதப்படுத்திய ஏவுகணையும் கண்ணிவெடியும் ஈரானுடையவை என்பதற்குக் காட்டிய ஆதாரம் போதவில்லை என்று வாதத்தை ஏற்கவில்லை. (வேறொரு காரணத்தால் ஈரானுக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை.) காங்கோவுக்குள் படையனுப்பிய உகாண்டாவின் வாதமும் 2005-ல் விழுந்தது. எல்லையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையங்களையும் ஊர்களையும் பிடிப்பது எல்லைத் தாக்குதலுக்கு ஏற்ற அளவாகாது என்றது நீதிமன்றம். 2022-ல் 32.5 கோடி டாலர் இழப்பீடு விதித்தது.

ஆனால் இரண்டு நாடுகளும் ஏதோ ஒரு வகையில் அதிகார வரம்பை ஏற்றிருந்தால்தான் வழக்கே நடக்கும். பாதுகாப்புச் சபையில் வீட்டோ இருக்கிறது. 2022 பிப்ரவரி 24-ல் உக்ரைனுக்குள் நுழைந்தபோது ரஷ்ய அதிபர் புதின் 51-ஆம் பிரிவைப் பெயர் சொல்லியே காட்டினார். சபையில் கண்டனத் தீர்மானத்தை ரஷ்யாவே வீட்டோ செய்தது. பொதுச்சபையில் 141 நாடுகள் கண்டித்து வாக்களித்தன, 5 எதிர்த்தன, இந்தியா உட்பட 35 வாக்களிக்கவில்லை. கண்டனத்தில் கூர்மை உண்டு, பொதுச்சபையின் தீர்மானத்துக்குக் கட்டாயப்படுத்தும் வலு இல்லை.

நாடு தற்காப்புப் போர் நடத்துகிறது என்றால் சிப்பாய் செய்வதெல்லாம் சரியாகிவிடுமா?

ஆகாது. போரைத் தொடங்கியது சரியா என்பதும், போரில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் தனித்தனிக் கேள்விகள். யாருடைய போர் நியாயமோ அவர்களும் கைதியைக் கொல்லக் கூடாது, ஊர்மக்களைக் குறிவைக்கக் கூடாது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயத்தில் கோர்டிச், செர்கெஸ் என்ற இரு போஸ்னிய குரோட் தலைவர்கள், தங்கள் மக்களைக் காக்கவே போரிட்டதாக வாதாடினார்கள். தற்காப்பு நடவடிக்கை என்பது கடுமையான போர்ச்சட்ட மீறலுக்கு நியாயமாகாது என்று 2001-ல் தீர்ப்பானது.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டமும் பிரிவு 31-ல் இதையே எழுதியிருக்கிறது. தன்னையோ இன்னொருவரையோ உடனடியான சட்டவிரோதத் தாக்குதலிலிருந்து அளவோடு காத்தவர் பொறுப்பிலிருந்து விடுபடலாம். தற்காப்புப் படையில் இருந்தார் என்ற ஒன்று மட்டும் அவரை விடுவிக்காது. ஆக, நாட்டின் 51-ஆம் பிரிவுக் கடிதத்தைச் சிப்பாய் தன் வழக்கில் காட்ட முடியாது. மக்லியோடுக்காக லண்டன் வைத்த வாதத்தை, போர்க்குற்றங்களைப் பொறுத்தவரை, இன்றைய சட்டம் ஏற்பதில்லை.

தற்காப்புக்காக அணுகுண்டு போடலாமா?

ஐ.நா. பொதுச்சபை இதைச் சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச்சட்டத்துக்கு முரணானது என்று 1996-ல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆனால் ஒரு நாடு இருப்பதா அழிவதா என்ற உச்சக்கட்டத் தற்காப்பில் அது சட்டப்படியா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று விட்டுவிட்டது. நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்தார்கள், தலைமை நீதிபதியின் கூடுதல் வாக்கால் அந்தப் பகுதி நிறைவேறியது. என் பார்வையில் அது நழுவல். கட்னி கடைக்காரரின் இரண்டு தோட்டாக்களை வரிவரியாக ஆராய்ந்து முடிவு சொல்ல ஒரு நீதிமன்றத்தால் முடிந்தது.